நுரையீரல் சத்திரசிகிச்சையும் இதயத் துடிப்பும்

வலியைச் சகிப்பதே மனவுறுதி என்னும் எண்ணம் எமது சமூகங்களில் வேரூன்றியுள்ளது. நுரையீரல் சத்திரசிகிச்சையின் பின்னர் அவ்வெண்ணம் ஆபத்தானது.

நுரையீரலின் ஒரு பகுதி அகற்றப்பட்டோரில், 100 பேருக்கு ஏறத்தாழ 10 முதல் 20 பேர் வரை, இதயத்தின் மேலறைகள் ஒழுங்கிழந்து துடிக்கும் கோளாறுக்கு உள்ளாகின்றனர். பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் நாட்களிலேயே இது தோன்றும். நீடித்தால் மேலறையில் குருதி உறைந்து பக்கவாதம் ஏற்படக்கூடும்.

வலியும் இதற்குத் துணைபோகின்றது. அது பரிவு நரம்புகளைத் தூண்டி இதயத்தை வேகப்படுத்துகின்றது. ஆழ்ந்து மூச்செடுக்கவும் இருமவும் விடாது நியூமோனியாவுக்கும் வழிவகுக்கின்றது. முதுகின் நெஞ்சுப்பகுதியில், முண்ணாணின் உறைக்கு வெளியே மெல்லிய குழாயைச் செலுத்தி விறைப்பு மருந்து வழங்கும் எபிடூரல் முறை, வலியைத் தணிப்பதுடன் இதயத்துக்குச் செல்லும் அந்நரம்புகளையும் அடக்குகின்றது. மகப்பேற்றின்போது இடுப்புப் பகுதியில் வழங்கப்படும் எபிடூரலுக்கு இவ்விளைவு இல்லை.

எனினும், இம்முறை துடிப்புக் கோளாறை நிச்சயமாகத் தடுக்கும் என்பதில் ஆய்வுகள் உடன்படவில்லை. குருதி அமுக்கம் குறையலாம். குருதி உறையாதிருக்க மருந்து உட்கொள்வோரில், அரிதாக, முண்ணாணருகே குருதி கசிந்து கால்கள் செயலிழக்கவும் கூடும். ஆகவே, உட்கொள்ளும் மருந்துகளை முன்கூட்டியே வைத்தியரிடம் கூறுதலும், பின்னர் வலியையும் படபடப்பையும் மறைக்காதிருத்தலும் நோயாளியின் கடமையாகும்.