ஃபேரர் பார்க்கில் கைமாறிய படை

சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி இருக்கிறது ஃபேரர் பார்க் திடல். 1933 வரை அங்கே குதிரைப் பந்தயம் நடந்தது. சிங்கப்பூர் ஜப்பானியரிடம் சரணடைந்து இரண்டு நாள் கழித்து, 1942 பிப்ரவரி 17 அன்று, சுமார் 45,000 இந்தியப் போர்வீரர்களை அங்கே திரட்டி நிறுத்தினார்கள். அவர்களுடைய பிரிட்டிஷ் அதிகாரிகளைப் பிரித்துச் சாங்கிக்கு அனுப்பிவிட்டார்கள். பிரிட்டிஷ் தரப்பில் கர்னல் ஹன்ட் அந்தப் படையை ஜப்பானிய மேஜர் புஜிவாராவிடம் ஒப்படைத்தார். புஜிவாரா அதை, பிரிட்டிஷ் இந்தியப் படையிலிருந்து பிடிபட்டு இந்திய தேசிய இராணுவத்தை (ஐ.என்.ஏ.) அமைத்த கேப்டன் மோகன் சிங்கிடம் ஒப்படைத்தார். ஒரே பிற்பகலில் ஒரு படை இருமுறை கைமாறியது.

பிடிபட்டவர்களை அவர்களுடைய சொந்த நாட்டுக்கு எதிராகப் போரிடக் கட்டாயப்படுத்தலாகாது என்பது 1907ஆம் ஆண்டு ஹேக் விதி. ஜப்பான் அதை ஏற்றிருந்தது. ஆனால் மோகன் சிங்குக்குச் சொந்த நாடு எது? பிரிட்டிஷ் அரசரின் பேரரசா, அவரை வெளியேற்றத் துடித்த இந்தியாவா? சட்டநூல்கள் இதற்குத் தயாராக இல்லை.

எதிரியின் படையையே தன் படையாக்குவது ஜப்பானியருக்குச் செலவில்லாத உத்தி. மிரட்டலால் அது நிலைக்கவில்லை. ஜப்பானியரிடம் உறுதிமொழி கேட்டுக் கிடைக்காத மோகன் சிங், 1942 டிசம்பரில் படையைக் கலைத்துச் சிறைப்பட்டார். அடுத்த ஜூலையில் நேதாஜி வந்த பிறகே அதற்கு உயிர் வந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களும் சேர்ந்தார்கள். அவர்கள் எந்த அரசருக்கும் படைச் சத்தியம் செய்தவர்கள் அல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சேர மறுத்தவர்கள் பலரை நியூ கினி போன்ற தொலைதூரத் தீவுகளுக்குக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். 1946 ஜனவரி 21 அன்று சிங்கப்பூரில் தொடங்கிய முதல் போர்க்குற்ற வழக்கே இந்தியக் கைதிகளைப் பற்றியதுதான். இங்கிருந்து பலாவுத் தீவுகளுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களை அடித்தும் பட்டினி போட்டும் ஒருவரைத் தலை வெட்டியும் கொன்றதற்காக ஜப்பானியப் படையின் கொசாவா சதாய்ச்சியும் ஒன்பது பேரும் கூண்டில் நின்றார்கள். இந்தியர்கள் எங்கள் பக்கம் வந்துவிட்டவர்கள், போர்க்கைதிகள் அல்லர் என்றது எதிர்த்தரப்பு. நீதிமன்றம் ஏற்கவில்லை.

அதற்குச் சுமார் மூன்று வாரம் முன்புதான் ஐ.என்.ஏ. அதிகாரிகள் மூவர் மீதான டில்லிச் செங்கோட்டை வழக்கு முடிந்திருந்தது. அங்கே வழக்கறிஞர் புலாபாய் தேசாய், ஐ.என்.ஏ. வீரர்கள் ஓர் அரசின் படையினர், போரிடும் உரிமை பெற்றவர்கள் என்று வாதாடினார். மூவரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. ஆனால் ஆயுள் தண்டனையை நிறைவேற்றத் தளபதி ஆக்கின்லெக்கால் முடியவில்லை, ரத்து செய்தார். நாடே கொந்தளித்துக்கொண்டிருந்தபோது அரசிடம் துப்பாக்கி இருந்து என்ன பயன்?

நம் சிறப்பு மலர்களில் பாடாங் திடலில் முழங்கும் நேதாஜியின் படம் தவறாமல் வரும். வரட்டும், அவர் அதற்கு உரியவர். அடுத்த மலரில், சத்தியத்தை விடாமல் தீவுகளில் மடிந்தவர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கல்லறையின்றி மறைந்த இந்திய வீரர்கள் பலரின் பெயர்கள் கிராஞ்சி நினைவகச் சுவர்களில் இருக்கின்றன. போய் வாசியுங்கள்.