பரங்கிமலைச் சிலுவை

பரங்கிமலைச் சிலுவை என்பது புனித தோமையார் மலை உச்சித் தேவாலயத்தின் பீடத்தில் பதிக்கப்பட்டுள்ள தொன்மையான கற்சிலுவை ஆகும். மலை இன்று சென்னை மாவட்டத்தில் இருப்பினும், கத்தோலிக்கத் திருச்சபையில் அது 2002இல் உருவான செங்கல்பட்டு மறைமாவட்டத்தைச் சேர்ந்தது.

1547இல் போர்த்துக்கேயர் அடித்தளம் தோண்டியபோது இக்கல் கிடைத்தது. அதைச் சுற்றியுள்ள பொறிப்பு, பழைய பாரசீகத் திருச்சபையினர் பயன்படுத்திய பஹ்லவி எழுத்தில் அமைந்தது. அதன் பொருள் குறித்து அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. சிலுவையின் காலம் பொதுவாக 7 முதல் 9ஆம் நூற்றாண்டு வரை கணிக்கப்படுகிறது. இதே கடற்கரையில், தெற்கே மாமல்லபுரத்தில் பல்லவர் பாறைகளைக் குடைந்ததும் ஏறத்தாழ அக்காலமே.

உயிர்ப்பு நம்பிக்கை

இச்சிலுவையில் இயேசுவின் உடல் செதுக்கப்படவில்லை. முனைகள் மொட்டுகளாக விரிகின்றன. மேலே புறா இறங்குகிறது. உடலற்ற இவ்வடிவத்தைச் சாவை வென்று உயிர்த்தெழுந்தவரின் அடையாளமாகக் கிறித்தவர்கள் கொள்கின்றனர்.

இதை மலையின் பெயரோடு சேர்த்துப் பார்த்தல் தகும். யோவான் நற்செய்தியின்படி, காயங்களைத் தொட்டுப் பார்த்தாலன்றி உயிர்ப்பை நம்பேன் என்றவர் தோமா. இப்பகுதி ஆண்டுதோறும் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த ஞாயிறன்று கத்தோலிக்க ஆலயங்களில் வாசிக்கப்படுகிறது. ஐயுற்ற அவரே அந்நம்பிக்கைக்காகக் கி.பி. 72இல் இம்மலையில் ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தார் என்பது மரபு.

தோமாவின் வருகைக்குச் சமகாலச் சான்று இல்லை. பல நூற்றாண்டுகள் பிந்திய இச்சிலுவையும் அதற்குச் சான்றாகாது. ஆயினும் போர்த்துக்கேயர் வருமுன்பே இக்கடற்கரையில் கிறித்தவர்கள் வழிபட்டதை அது ஐயமற உணர்த்துகிறது. இதையொத்த சிலுவைகள் கேரளத்தில் கோட்டயம் உள்ளிட்ட இடங்களிலும் உள்ளன.