யேனா நகரத்துத் தொங்கல் கணக்கு



பல வருடங்களுக்கு முன், ஒரு வைத்தியசாலையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் எங்கள் குடும்பமொன்றுக்கு மொழிபெயர்க்கப் போய் நின்றேன். கணக்காளனான எனக்கு வைத்தியர்களின் டொச் அவ்வளவு பிடிபடாது. ஆனால் அந்த நேரம் அவர்களுக்கு வேறு ஆள் இல்லை. மூளையில் இரத்தம் கசிந்து, நினைவின்றிக் கிடந்தவரின் தலை முழுக்க வயர்கள். திரையில் கோடுகள் நெளிந்துகொண்டிருந்தன. "அண்ணை, நாங்கள் கதைக்கிறது இவருக்குக் கேட்குதோ எண்டு கேட்டுச் சொல்லுங்கோ" என்றா மனைவி. வைத்தியர் கொஞ்சம் யோசித்தார். "மூளை வேலை செய்கிறது. அவர் உணர்கிறாரா என்பதை இந்தக் கோடுகள் சொல்லாது" என்றார். அதை அவவுக்கு நான் எப்படித் தமிழில் சொன்னேன் என்பது இப்போது ஞாபகமில்லை.

அந்தக் கோடுகளின் கதை இந்த நாட்டிலேயே, யேனா நகரில் தொடங்கியது என்று பிறகுதான் வாசித்து அறிந்தேன். போன மாத நிகழ்ச்சியில் அதைச் சொல்ல நேரம் போதவில்லை. இங்கே எழுதுகிறேன்.

ஹான்ஸ் பேர்கர் 1873இல் கோபுர்க் நகருக்கு அருகில் பிறந்தவர். 19 வயது மட்டில் படைச்சேவையில் இருந்தபோது குதிரை தடுமாறி, பீரங்கி வண்டியின் சக்கரத்துக்கு முன்னால் விழுந்தார். வண்டி கடைசி நொடியில் நின்றது. அன்று மாலையே தகப்பனிடமிருந்து சுகம் விசாரித்துத் தந்தி. அவருக்கு ஏதோ ஆபத்து என்று வீட்டிலிருந்த சகோதரி அடம்பிடித்ததால் அனுப்பிய தந்தி அது. எங்கள் வீடுகளில் இப்படி எத்தனை கதை கேட்டிருப்போம்! கேட்டுவிட்டுக் கோயிலுக்கு ஒரு அர்ச்சனை செய்வதோடு விடுவோம். பேர்கர் விடவில்லை. மனதுக்கென்று ஒரு சக்தி இருக்க வேண்டும், இருந்தால் அதை அளக்கலாம் என்று மருத்துவம் படித்து, யேனாவில் மனநோய் வைத்தியரானார்.

அவர் போட்ட கணக்கு எனக்கு நன்றாக விளங்குகிறது. இரத்தத்தின் வழியாக மூளைக்குள் வரும் இரசாயன சக்தி வரவு. வெப்பமாகவும் மின்சாரமாகவும் போவது செலவு. இரண்டுக்கும் இடையில் வரும் வித்தியாசம்தான் மனச்சக்தி. எங்கள் தொழிலில் இதற்குத் தொங்கல் கணக்கு என்று பெயர். பரீட்சை மீதி சமப்படாவிட்டால் வித்தியாசத்தை அதில் போட்டுவிட்டுப் பிழையைத் தேடுவோம். பேர்கர் அந்த வித்தியாசத்தையே மனம் என்று எண்ணினார். முதலில் மூளையின் வெப்பத்தை அளந்தார். அதில் பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. பிறகு மின்சாரத்தின் பக்கம் திரும்பினார்.

1924 ஜூலையில், மண்டையோட்டின் ஒரு பகுதி அகற்றப்பட்ட 17 வயது இளைஞன் ஒருவனின் தலையிலிருந்து மின்னலைகளைப் பதிவுசெய்தார். ஒரு வோல்ற்றின் இலட்சத்தில் சில பங்கு அளவான அலைகள். கருவியின் பிழையோ என்ற பயத்தில் ஐந்து வருடம் வெளியே விடவில்லை. தன் மகனின் தலையிலும் பதிந்து பார்த்துவிட்டுத்தான் 1929இல் கட்டுரையாக வெளியிட்டார். 1934இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன் அதே சோதனையைச் செய்து உறுதிப்படுத்தும் வரை பெரும்பாலானோர் நம்பவில்லை.

கணக்கு அவர் எதிர்பார்த்தபடி வரவில்லை. கண்ணை மூடிச் சும்மா இருந்தால் நொடிக்குப் பத்து என்ற கணக்கில் பெரிய அலைகள் வந்தன. கண்ணைத் திறந்தால், ஒரு பெருக்கல் கணக்குக் கொடுத்தால், அலை சிறுத்துவிட்டது. வேலை கூடும்போது அலை குறைகிறதா? ஹம் காமாட்சி அம்பாள் தேரை நினைத்துப் பாருங்கள். வடம் பிடிப்பவர்கள் ஒன்றாய்ச் சொல்லும் "அரோகரா" தூரத்து வீதிவரை கேட்கும். அன்னதானப் பந்தியில் ஆளாளுக்கு ஆயிரம் கதை கதைப்போம். தூர நிற்பவனுக்கு வெறும் இரைச்சல். மூளைக் கலங்களும் அப்படித்தான். ஓய்வில் சேர்ந்து துடிப்பதால் அலை பெரிது. வேலையில் ஒவ்வொரு கூட்டமும் தன்பாட்டில் இயங்குவதால் மண்டைக்கு வெளியே வரும் கூட்டுத்தொகை சிறிது. அரோகரா கேட்கிறது. பந்தியில் யார் என்ன கதைத்தார் என்பது அதில் இல்லை.

பேர்கரைப் பற்றி இன்னொன்றையும் மறைக்க முடியாது. நாசிகளால் ஒதுக்கப்பட்ட நல்ல மனிதர் என்றே நெடுங்காலம் எழுதி வந்தார்கள். பின்னர் வெளிவந்த ஆவணங்கள் வேறுவிதமாகச் சொல்லின. அவர் எஸ்.எஸ். அமைப்பின் ஆதரவு உறுப்பினர். யேனாவின் பரம்பரைச் சுகாதார மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். 1933ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மனிதர்களைக் கட்டாயமாக மலடாக்கத் தீர்ப்பளித்தவை அந்த நீதிமன்றங்கள். அந்த வகையில் சுமார் 4 இலட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள். சட்டத்தின் பட்டியலில் வலிப்பு நோயும் இருந்தது. இன்றைக்கு வலிப்பு நோயைக் கண்டறிய முதலில் செய்வது அவர் தந்த இதே பரிசோதனைதான். மனதைத் தேடிப் புறப்பட்டவர், எதிரே நின்றவனுக்கும் மனம் இருப்பதை எப்படி மறந்தார்? 1941இல் அவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

அன்று வைத்தியர் சொன்ன பதில் இன்று கொஞ்சம் மாறியிருக்கிறது. 2024இல் வெளியான ஓர் ஆய்வில், சொன்னதற்கு உடலால் எந்தப் பதிலும் காட்டாத 241 நோயாளிகளிடம், கையை அசைப்பதுபோல் மனதில் எண்ணுங்கள் என்ற மாதிரியான கட்டளைகளைக் கொடுத்து, மூளை அலைகளையும் ஸ்கேனையும் பார்த்தார்கள். 60 பேரின் மூளை பதில் சொன்னது. நாலில் ஒருவர்.

ஆனால் மூளைக் கலங்களின் துடிப்பு எப்படி ஓர் அனுபவமாகிறது, பிள்ளையின் குரல் எப்படிப் பிள்ளையின் குரலாகவே உள்ளே கேட்கிறது என்ற இடத்தில் பேர்கரின் தொங்கல் கணக்கு இன்னும் தொங்குகிறது. 1998இல் எங்கள் பிரேமன் நகரில், மூளை ஆய்வாளர் கிறிஸ்ரொப் கொக், தத்துவப் பேராசிரியர் டேவிட் சாமர்சோடு ஒரு பெட்டி வைனுக்குப் பந்தயம் பிடித்தார். 25 வருடத்துக்குள் உணர்வின் தெளிவான அடையாளத்தை மூளையில் காட்டிவிடுவோம் என்பது அவர் வாதம். 2023இல் நியூயோர்க்கில், சபை நடுவே தோல்வியை ஒப்புக்கொண்டு வைனைக் கொடுத்தார். கொடுத்த கையோடு இன்னொரு 25 வருடத்துக்குப் பந்தயம் பிடித்திருக்கிறார்.

அன்று அந்தத் தங்கச்சி எங்கள் ஒருவரின் பதிலுக்கும் காத்திருக்கவில்லை. கதிரையைக் கட்டிலுக்கு அருகில் இழுத்துப்போட்டு, மூத்தவனின் பள்ளிக்கூட ரிப்போர்ட்டை அவருக்கு வாசித்துக் காட்டத் தொடங்கினா.