அயல் முகமும் தன் பெயரும்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் அச்சும் வார்ப்பும் அன்றாடச் சொற்கள். ஒன்றைப் பார்த்து ஒன்று செய்தல் அங்கு இழுக்கன்று, தொழில். பண்டைய அக்கசாலைக் கம்மியர்க்கும் அஃது அவ்வாறே இருந்தது.

மாசிடோனிய மன்னன் இரண்டாம் பிலிப்பின் (கி.மு. 359–336) வெள்ளிக் காசுகளைத் தன்யூப் ஆற்றங்கரைக் கெல்டியர் பல தலைமுறை பார்த்தடித்தனர். படிக்குப் படி எடுக்க எடுக்கக் குதிரை கோடும் புள்ளியுமாயிற்று. கிரேக்க எழுத்து வெறுங்கீறலாயிற்று. மேலை இந்தியச் சத்ரபர் காசுகளிலும் மன்னன் தலையைச் சூழ்ந்த கிரேக்க எழுத்துகள் நாளடைவில் பொருளிழந்து அணியாயின.

தமிழகம் வந்தவை பெரிதும் உரோம நாணயங்களே. அகஸ்டஸ் (கி.மு. 27–கி.பி. 14), டைபீரியஸ் (கி.பி. 14–37) ஆகியோரின் வெள்ளித் தெனாரியஸ் காசுகளே தென்னிந்தியப் புதையல்களில் மிகுதி. கி.பி. 64இல் நீரோ மன்னன் காசின் எடையையும் வெள்ளியின் மாற்றையும் குறைத்தான். ஆதலின் பழங்காசையே வணிகர் நாடினர் என்பர். அவற்றைப் பார்த்து இங்கே அடித்த காசுகளும் கிடைத்துள்ளன. இலத்தீன் அறியாத கை, எழுத்தைக் கோடும் வட்டமுமாகச் செதுக்கியிருப்பதே அவற்றின் அடையாளம். தெலங்கானத்துக் கொண்டாப்பூரில் உரோமக் காசின் வடிவைச் சுடுமண்ணில் பதித்து அணிகலனாக்கினர்.

இவற்றினின்றும் வேறுபட்டு நிற்பது கரூர் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த சேரர் வெள்ளிக்காசு. இரா. கிருஷ்ணமூர்த்தி வெளியிட்டு ஆராய்ந்த அக்காசில் உரோமக் காசின் சாயலில் ஒரு தலை உள்ளது. அதன்மேல் தமிழ் பிராமியில் 'மாக்கோதை' என்னும் பெயர் தெளிவாகப் பொறிக்கப்பட்டுள்ளது. 'குட்டுவன் கோதை' என்னும் பெயருடைய காசும் உண்டு. முகம் அமைக்கும் முறை அயலது. பெயரும் எழுத்தும் தமிழ். படிக்கத் தெரியாத எழுத்தை இக்கம்மியன் படியெடுக்கவில்லை. படிக்கத் தெரிந்ததை எழுதினான்.

அவ்வெழுத்து அரண்மனையோடு நின்றதுமன்று. திருவள்ளூர் மாவட்டப் பட்டரைப்பெரும்புதூரில் 2015–16ஆம் ஆண்டுகளில் தமிழகத் தொல்லியல் துறை நிகழ்த்திய அகழாய்வில் தமிழ் பிராமி பொறித்த பானையோடுகள் கிடைத்தன. மட்கலத்தில் எழுதக் கற்ற சமுதாயமே வெள்ளியிலும் எழுதியது.

கவிஞர்க்கு இதில் ஒரு செய்தி உண்டு. யாப்பும் உவமையும் வடிவும் எத்திசையிலிருந்தும் வரலாம், கொள்வதில் குறைவில்லை. பொருளறியாது படியெடுத்த வரி மட்டும் கீறலாய்த் தேய்ந்துவிடும். கொண்ட வடிவின்மேல் தன் மொழியில் தன் பெயரை எழுதியவனை இரண்டாயிரம் ஆண்டு கழிந்தும் நாம் பெயர் சொல்லி அழைக்கின்றோம்.