இருபதுக்கு எத்தனை?

சென்ற ஜூலையில் பாரீசிலிருந்து மகளும் பேரனும் வந்திருந்தார்கள். பேரனுக்குப் பதினான்கு வயது. ஒரு நாள் மத்தியானம் ஊஞ்சலில் உட்கார்ந்து செல்போனைத் தள்ளிக்கொண்டிருந்தவன், "ஒரு கேம் வாங்கலாம்னு பார்த்தேன் தாத்தா. பதிமூணுதான் போட்டிருக்கான். வேஸ்ட்" என்றான்.

எத்தனைக்குப் பதிமூன்று என்று கேட்டேன். இருபதுக்கு என்றான். நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

என்னோடு பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நண்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுக்கு எல்லாமே இருபதுக்குத்தான். முசே வாசிக்க வாசிக்க நாங்கள் எழுதும் 'திக்தே'யில் ஒரு பிழைக்கு நான்கு மதிப்பெண் போகும். ஐந்து பிழை என்றால் பூஜ்யம். பத்து வாங்கினால் தேறினான். பன்னிரண்டு வந்தால் 'அசே பியேன்', பதினான்குக்கு 'பியேன்', பதினாறுக்கு 'த்ரே பியேன்'. இருபது கடவுளுக்கு, பத்தொன்பது வாத்தியாருக்கு என்று ஒரு பேச்சே உண்டு. பக்கலோரேயாவில் சரித்திரத்துக்கு நான் வாங்கியது பதிமூன்று. அந்தத் தாளை அப்பா சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் திரிந்தார். அதே பதிமூன்று இப்போது வேஸ்ட்!

இந்த இருபதும் ஆதியிலிருந்து வந்ததல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பக்கலோரேயா தேர்வாளர்கள் வெள்ளை, சிவப்பு, கறுப்பு என்று உருண்டைகளைப் போட்டு மாணவனின் தலையெழுத்தைத் தீர்மானித்தார்கள். கறுப்பு விழுந்தால் போச்சு. 1890 வாக்கில்தான் பூஜ்யம் முதல் இருபது வரை என்ற அளவு பிரெஞ்சுப் பள்ளிகளில் நிலைத்தது. பேரன் பார்த்தது 1997-ல் பிரான்சில் தொடங்கிய 'ழவீதேயோ டாட் காம்' என்ற தளம். அவர்களும் பள்ளிக்கூடப் பழக்கத்தை விடாமல், வீடியோ கேமுக்கு இருபதுக்கு மதிப்பெண் போடுகிறார்கள்.

விளையாட்டுச் சாமானுக்கு எதற்கு மதிப்பெண் என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியது. அவன் ஊருக்குப் போகும் வரை தினமும் சாயங்காலம் அவனையே வாத்தியாராக வைத்துக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன்.

1980-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு சின்னக் கணினிகள் வந்தன. அதைத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்துக்கொள்வார்கள். கேம் என்பது பாட்டு கேசட் மாதிரியே ஒரு கேசட். அட்டைப்படம் பிரமாதமாக இருக்கும்; வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டால்தான் உள்ளே இருப்பது தெரியும். பையன்களின் கைக்காசு அதில் போயிற்று. அதனால் யாராவது முன்கூட்டி விளையாடிப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. 1984-ல் லட்லோ என்ற சிறு ஊரிலிருந்து 'கிராஷ்' என்ற பத்திரிகை வந்தது. அதற்கு மதிப்புரை எழுதியவர்களில் உள்ளூர்ப் பள்ளிக்கூடப் பையன்கள் பலர் இருந்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. படம் எப்படி, விளையாட எப்படி, திரும்பத் திரும்ப ஆடச் சொல்கிறதா, கொடுத்த காசுக்குத் தகுமா என்று தனித்தனியாகச் சதவீதம் போட்டு, கடைசியில் மொத்தத்துக்கு ஒரு சதவீதம். நம் பள்ளி முன்னேற்ற அறிக்கை போலத்தான். அடுத்த ஆண்டு 'ஸாப்' வந்தது. அதுவும் சதவீதம்தான்.

ஜப்பான்காரர்கள் வேறு வழி கண்டார்கள். 1986-ல் தொடங்கிய 'ஃபமிட்சு' பத்திரிகையில் ஒரே கேமை நான்கு பேர் விளையாடுவார்கள். ஆளுக்குப் பத்து; கூட்டினால் நாற்பது. ஒருவர் கை தாராளமானால் மற்றவர் கை இறுக்கமாக இருக்கும் என்ற கணக்கு. 1998-ல் வெளிவந்த ஒரு 'ஸெல்டா' கேமுக்குத்தான் முதன்முதலாக நாற்பதுக்கு நாற்பது கொடுத்தார்கள். பன்னிரண்டு ஆண்டு காத்திருந்திருக்கிறார்கள்! இங்கிலாந்தில் 1993-ல் தொடங்கிய 'எட்ஜ்' பத்திரிகையும் பத்துக்குப் பத்து என்பதை 1996-ல் 'சூப்பர் மாரியோ 64' வந்தபோதுதான் எடுத்துக் கொடுத்தது. எங்கள் முசேக்களின் ஜாதி இவர்கள்.

ஆனால் பெரும்பாலோர் அப்படி இல்லை. நாளாக ஆக மதிப்பெண் மேலேயே ஏறிற்று. பத்துக்கு ஐந்து என்றால் நடுத்தரம் என்றுதானே பொருள்? அவர்களிடத்தில் ஏழுதான் நடுத்தரம். அதற்குக் கீழே உள்ள ஆறு எண்களும் குப்பைத் தொட்டி.

அரசு வேலையில் இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. ரகசிய அறிக்கையில் மேலதிகாரி 'குட்' என்று எழுதினால் ஊரார் நல்லது என்று நினைப்பார்கள். நமக்குத்தான் தெரியும் அது சாபம் என்று. பதவி உயர்வுக்கு 'வெரி குட்' கேட்பார்கள். தேவ் தத் என்ற பொறியாளருக்கு ஒரே ஒரு ஆண்டு 'குட்' விழுந்ததால் பதவி உயர்வு பறிபோயிற்று. அப்படி ஒன்று எழுதியிருப்பதையே அவருக்குச் சொல்லவில்லை. 2008-ல் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்து, எந்தக் குறிப்பானாலும் ஊழியருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்றது. நானும் கண்காணிப்பாளராக இருந்த கடைசி ஆண்டுகளில் எனக்குக் கீழே இருந்த அத்தனை பேருக்கும் 'வெரி குட்' தான் எழுதினேன். அதில் இரண்டு பேர் நாற்காலியில் உட்கார்ந்ததே அபூர்வம். மனசு வரவில்லை.

கேம் விஷயத்துக்கு வருகிறேன். 2001-ல் அமெரிக்காவில் 'மெட்டாகிரிட்டிக்' என்ற தளம் வந்தது. எல்லாருடைய மதிப்பெண்ணையும் நூற்றுக்கு மாற்றிச் சராசரி எடுக்கும். இருபதுக்குப் பதினேழு என்றால் எண்பத்தைந்து. ஐந்து நட்சத்திரத்துக்கு நான்கு என்றால் எண்பது. சில பத்திரிகைகளுக்குக் கூடுதல் எடை உண்டு. எதற்கு எவ்வளவு என்பதை வெளியே சொல்வதில்லை. அங்கே ஒரு வேடிக்கை பாருங்கள். சினிமாவுக்கு அறுபத்தொன்று வந்தாலே பச்சை நிறம் காட்டுவார்கள். கேமுக்கு எழுபத்தைந்து வந்தால்தான் பச்சை. ஏழுக்குக் கீழே எல்லாம் குப்பை என்பதை அவர்களே ஒப்புக்கொண்ட மாதிரி.

இந்தச் சராசரி பிறகு சம்பளத்துக்குள் நுழைந்தது. 2010-ல் 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' என்ற கேம் வந்தது. செய்தது அப்ஸிடியன் என்ற நிறுவனம், வெளியிட்டது பெதஸ்டா. மெட்டாகிரிட்டிக்கில் எண்பத்தைந்து வந்தால் செய்தவர்களுக்கு ஊக்கத்தொகை என்று ஒப்பந்தம். வந்தது எண்பத்து நான்கு. ஒரு மதிப்பெண்! அப்ஸிடியனைச் சேர்ந்த கிறிஸ் அவலோன் 2012-ல் இதை வெளியே சொன்னபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. எங்கேயோ ஒருவர் பிழைகள் இருக்கின்றன என்று நியாயமாகவே எட்டுக்குப் பதில் ஏழு போட்டிருப்பார். ராத்திரி பகலாக உழைத்தவர்களின் பணம் அதில் தொங்குகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

போட்டவருக்கும் ஆபத்து இருந்தது. 2007-ல் 'கேம்ஸ்பாட்' தளத்தின் மதிப்புரையாளர் ஜெஃப் கெர்ஸ்ட்மன், 'கேன் அண்ட் லிஞ்ச்' என்ற கேமுக்குப் பத்துக்கு ஆறு கொடுத்தார். அந்தத் தளம் முழுக்க அப்போது அதே கேமின் விளம்பரம். சில நாளில் அவர் வேலை போயிற்று. என்ன நடந்தது என்று வாய் திறக்கக்கூடாது என்ற உடன்பாடு வேறு. அது நீங்கிய பிறகு 2012-ல் அவரே பேசினார்: விளம்பரத்தை நிறுத்திவிடுவோம் என்ற மிரட்டலுக்கு நிர்வாகம் பணிந்தது என்றார். பத்துக்கு ஆறு, எங்கள் கணக்கில் பன்னிரண்டு. 'அசே பியேன்' போட்டதற்கு வேலை போன மனிதர்!

இதெல்லாம் வேண்டாம் என்று 2015-ல் 'யூரோகேமர்' என்ற ஆங்கிலத் தளம் எண்ணையே தூக்கி எறிந்தது. அவசியம் வாங்கு, வாங்கலாம், தவிர்த்துவிடு என்று வார்த்தையில் மட்டும் சொன்னார்கள். எட்டு ஆண்டு அப்படி ஓட்டிவிட்டு, 2023-ல் ஐந்து நட்சத்திரத்தோடு திரும்பி வந்தார்கள். பக்கம் பக்கமாக எழுதினாலும் ஜனங்கள் கண் கடைசி வரிக்குத்தான் போகிறது. விடைத்தாள் கைக்கு வந்ததும் சிவப்பு மையில் எழுதியதையா முதலில் படித்தோம்? எண்ணைத்தானே பார்த்தோம்.

ஊருக்குக் கிளம்பும் முன் பேரன் தனக்கு மிகவும் பிடித்த கேம் ஒன்றை எனக்கு ஆடிக் காட்டினான். குதிரை, மலை, மழை எல்லாம் உண்டு. குதிரை மிகவும் நன்றாக ஓடிற்று. ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து ரசித்துப் பார்த்தேன். முடிந்ததும், "நீ எத்தனை குடுப்ப தாத்தா?" என்று கேட்டான்.

யோசித்து, பன்னிரண்டு என்றேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை என்று மகள் என்னைத்தான் திட்டினாள்.