பல்பை மாட்டிப் பார்த்து வாங்கிய காலம்

சாத்தாங்காடு என்றதும் வடசென்னைக்காரர்களுக்கு இரும்புச் சந்தைதான் ஞாபகம் வரும். ஜார்ஜ் டவுன் நெரிசலைக் குறைக்க சி.எம்.டி.ஏ. உருவாக்கிய சந்தை அது. அந்தப் பக்கத்துக் கடைகளில் குண்டு பல்பு வாங்கிய தலைமுறைக்கு ஒரு பழக்கம் நன்றாகத் தெரியும். கடைக்காரர் பல்பை ஹோல்டரில் மாட்டி, எரிகிறது என்று காட்டிவிட்டுத்தான் காசு வாங்குவார். எரிந்தால் நல்ல பல்பு. சோதனை முடிந்தது!

இன்றைய ஸ்மார்ட் பல்புக்கு அந்தச் சோதனை போதாது. ஏன்? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

2012 அக்டோபரில் பிலிப்ஸ் நிறுவனம் 'ஹியூ' பல்பை வெளியிட்டது. போனிலிருந்தே நிறத்தை மாற்றலாம். உள்ளே ஒரு குட்டிக் கம்ப்யூட்டர், அதை இயக்க ஒரு மென்பொருள். இதைத்தான் ஃபர்ம்வேர் என்கிறார்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்கிப் போன பிறகும் கம்பெனி அதை மாற்றலாம். வசதியும் அதுதான், வம்பும் அதுதான்.

2015 டிசம்பரில் வந்த ஓர் அப்டேட், வேறு கம்பெனி பல்புகள் பலவற்றை ஹியூவோடு சேரவிடாமல் தடுத்தது. வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். சில நாட்களிலேயே பிலிப்ஸ் பின்வாங்கியது. அடுத்த வருடம் இதைவிடப் பெரிய அதிர்ச்சி. எயல் ரோனென், ஆதி ஷமிர் முதலிய ஆராய்ச்சியாளர்கள், ஒரு ஹியூ பல்பிலிருந்து பக்கத்துப் பல்புக்குத் தொற்றும் போலி ஃபர்ம்வேர் சாத்தியம் என்று காட்டினார்கள். ஒரே வகைப் பல்புகள் எல்லாவற்றுக்கும் ஒரே ரகசியச் சாவி! பூட்டு லட்சக்கணக்கில், சாவி ஒன்று. 2016 அக்டோபரில் பிலிப்ஸ் ஓட்டையை அடைத்தது.

கம்பெனி மென்பொருளே வேண்டாம் என்று சிலர் கிளம்பியதும் இதே காலத்தில்தான். 2014 இல் பிரபலமான இ.எஸ்.பி.8266 என்ற மலிவான வைஃபை சில்லு அதற்கு வழி செய்தது. 2016 வாக்கில் தியோ ஆரென்ட்ஸ் என்பவர் சோனாஃப் என்ற சீன ஸ்விட்சுக்கு எழுதிய ஃபர்ம்வேர், பின்னாளில் 'டாஸ்மோட்டா' என்ற பெயரில் பல்புகளுக்கும் பரவியது. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கணக்குப் புத்தக மொழியில் சொன்னால், லாபம் பொது, நஷ்டம் தனி. புது பதிப்பு ஏற்றும்போது பல்பு செத்தால் வாரண்டி கேட்க ஆளில்லை. அதனால்தான் புதியவை முதலில் 'டெவலப்மெண்ட்' கிளையில் விடப்பட்டு, துணிந்தவர்கள் பயன்படுத்திப் பார்த்த பிறகே வெளியீடாக வருகின்றன.

இங்கேதான் நம்ம ஊர் விஷயம் வருகிறது. பல்பில் பட்டன் கிடையாது. மென்பொருள் சிக்கிக்கொண்டால் எப்படி மீட்பது? டாஸ்மோட்டாவில் ஒரு வழி உண்டு. ஸ்விட்சை வேகமாக 6 தடவை அணைத்துப் போட்டு, 7வது தடவை எரியவிட்டால் எல்லா அமைப்புகளும் அழிந்து பல்பு பழைய நிலைக்குப் போகும். (2019 இல் 'சி பை ஜி.இ.' பல்புக்காரர்கள் 8 நொடி போடு, 2 நொடி அணை என்று வீடியோ போட்டு உலகத்தையே சிரிக்க வைத்தார்கள்!)

ஸ்விட்சைத் தட்டுவது மனிதன் என்பது இதை எழுதியவர்களின் நம்பிக்கை. கரண்டே வந்து வந்து போனால்? எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை இயங்கிய பகுதிதான் இது. ஆனாலும் 2012 மின்வெட்டில் சென்னைக்கே தினமும் 2 மணி நேரம் இருட்டு. கரண்ட் நாலைந்து முறை கண்ணடித்துவிட்டு நிலைப்பது இங்கே புதிதல்ல. மின்சாரம் நிலையில்லாத இடங்களில் அமைப்புகள் தானாக அழியலாம் என்று டாஸ்மோட்டாவின் கையேடே எச்சரிக்கிறது. இந்த வசதியை அணைத்து வைக்கவும் ஒரு கட்டளை இருக்கிறது. ஆனால் அணைத்துவிட்டால், பல்பு சிக்கும்போது பசை போட்டு ஒட்டிய மூடியைப் பெயர்க்க வேண்டியதுதான். ஒன்றைப் பெற இன்னொன்றை விட வேண்டும்.

ஆகவே புது பதிப்புக்கு முன் செய்யும் சோதனை 'எரிகிறதா' என்பதோடு நிற்கக் கூடாது. அப்டேட் நடுவே கரண்டைப் பிடுங்க வேண்டும். வைஃபையை அணைத்து, சுவர் ஸ்விட்சில் மட்டும் எரிகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று நான்கு முறை வேகமாக அணைத்துப் போட்டு, அமைப்புகள் மிஞ்சுகின்றனவா என்று கவனிக்க வேண்டும். திறந்த பல்பைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும்போது 230 வோல்ட் பக்கமே போகக் கூடாது. உயிர் போகும்.

அன்றைய கடைக்காரர் தன் ஊர்க் கரண்டில், தன் ஹோல்டரில் மாட்டிக் காட்டினார். அவர் சோதனையின் பலம் அதுதான். எங்கோ சீரான மின்சாரத்தில் தேறிய ஃபர்ம்வேர், நம்ம ஊர் ஹோல்டரிலும் ஒருமுறை தேற வேண்டும்.