மைனர் பாடம் வந்த வழி

சேதராப்பட்டிலிருந்து புதுச்சேரிக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள் இப்போது ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி, "உன் மைனர் என்ன?" எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டின் வானூர்ப் பிள்ளைகளிடம் கேட்டால் "அலைடு" என்பார்கள். மேஜர் என்னும் முதன்மைப் பாடத்தோடு ஒரு துணைப் பாடத்தையும் படிக்க வைக்கும், ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்யும் இரண்டு ஏற்பாடுகள். இதில் மைனர் நம் ஊருக்கு வந்து சேர்ந்த வழி மிக நீளமானது. கரும்புத் தோட்டங்களும் மாணவர் போராட்டங்களும் அந்த வழியில் இருக்கின்றன.

அமெரிக்கக் கல்லூரிகளில் ஒரு காலத்தில் எல்லோரும் ஒரே பாடங்களைத்தான் படித்தார்கள்: கிரேக்கம், லத்தீன், கணிதம். 1869இல் ஹார்வர்டின் தலைவரான சார்லஸ் எலியட், மாணவர்கள் தாங்களே பாடம் தேர்ந்தெடுக்கட்டும் என்று கதவைத் திறந்துவிட்டார். பால்டிமோரில் புதிதாகத் தொடங்கியிருந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் தன் 1877–78 கையேட்டில் மேஜர், மைனர் என்ற பிரிவை அச்சிட்டது. மற்றக் கல்லூரிகள் பார்த்துப் பார்த்து எடுத்துக்கொண்டன. ஆனால் அந்த மைனரில் என்ன படிக்கலாம் என்பதைத் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பேராசிரியர்கள்தான் முடிவுசெய்தார்கள்.

1968 மார்ச்சில் அது மாறத் தொடங்கியது. கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸில் மெக்சிகோ வம்சாவளிப் பள்ளிப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வகுப்பைவிட்டு வெளியேறினார்கள். பள்ளியில் ஸ்பானிஷ் பேசினால் தண்டனை. பாடப்புத்தகத்தில் தங்கள் முன்னோர் பெயரே இல்லை. சால் காஸ்ட்ரோ என்ற ஆசிரியர் அவர்களோடு நின்றார். அதே ஆண்டில் அந்நகரத்து அரசுக் கல்லூரி மெக்சிகோ அமெரிக்கர் வரலாற்றைப் பாடமாக்கியது. நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ அரசுக் கல்லூரியில் கறுப்பின, லத்தீன் அமெரிக்க, ஆசிய, பூர்வகுடி மாணவர்கள் ஒன்றுசேர்ந்து வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அடி விழுந்தது, கைதும் நடந்தது. நாலரை மாதம் தாக்குப்பிடித்து, 1969 மார்ச்சில் தங்கள் சமூகங்களின் வரலாற்றுக்கென கல்லூரிக்குள் ஒரு தனிப் புலத்தையே பெற்றார்கள். அடுத்த மாதமே கலிபோர்னியாவின் சாந்தா பார்பராவில் மாணவர்களும் ஆசிரியர்களும் கூடி, இப்படியொரு துறையை எப்படி நடத்துவது என்று திட்டம் எழுதினார்கள். அதே மாதத்தில் நியூயார்க் சிட்டி கல்லூரியில் புவர்ட்டோ ரிக்கோ மாணவர்களும் கறுப்பின மாணவர்களும் தங்கள் வரலாற்றைப் பாடமாக்கக் கேட்டு வளாகத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்தார்கள் என்றே தோன்றுகிறது. காப்பியடித்தலிலேயே இது உயர்ந்த ரகம்.

பழைய மைனர் இங்கேதான் கைகொடுத்தது. செவிலியர் படிப்போ பொறியியலோ படித்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும் என்ற நிலையிலுள்ள மாணவிக்கும், தன் பாட்டி எல்லை தாண்டி வந்த கதையைப் பட்டத்தோடு சேர்த்துப் படிக்க அது இடம் தந்தது. இப்பாடங்களுக்கு எதிர்ப்பு ஓயவில்லை. 2010இல் அரிசோனா மாநிலம் கொண்டுவந்த சட்டத்தால் டூசான் நகரப் பள்ளிகளில் மெக்சிகோ அமெரிக்கர் பாடம் நின்றது. அதில் இனவெறுப்பு இருந்தது என்று 2017இல் கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது. 2020இல் கலிபோர்னியாவோ தன் மாநிலப் பல்கலைக்கழக இளநிலை மாணவர் அனைவருக்கும் இவ்வகைப் பாடம் ஒன்றைக் கட்டாயமாக்கியது.

நமக்கு மைனர் போராட்டத்தால் வரவில்லை, சுற்றறிக்கையாக வந்தது. 2022 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) வெளியிட்ட பாடத்திட்டச் சட்டகத்தில் மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட். அதில் மைனருக்கு 24. அதற்கு அடிப்படையான தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. ஆனால் மத்தியப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள புதுச்சேரிக் கல்லூரிகளுக்கு அது வந்துவிட்டது. கொள்கையைப் பற்றி எனக்கும் மனத்தாங்கல்கள் உண்டு. ஆனாலும் அந்த 24 கிரெடிட்டை வீணாக்கக் கூடாது.

ஏனென்றால் நியூயார்க்கின் புவர்ட்டோ ரிக்கோ மாணவர்களுடைய முன்னோர் வாழ்ந்த கரீபியத் தீவுகளின் கரும்புத் தோட்ட வரலாற்றில் நம் ஊரும் இருக்கிறது. 1848இல் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறை ஒழிந்ததும் தோட்டக்காரர்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1853இல் 'ஒரேலி' என்ற கப்பல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளிகளோடு கரீபியத் தீவான மார்த்தினிக் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஆண்டு இன்னொரு பிரெஞ்சுத் தீவான குவாதலூப். புதுச்சேரியும் காரைக்காலும் ஏற்றுமதித் துறைமுகங்கள். சரக்கு, மனிதர்கள். 1880களில் பிரிட்டிஷ் அரசு தடுக்கும்வரை குவாதலூப்புக்கு மட்டும் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர் போனார்கள், பெரும்பாலோர் தமிழர். தென்னமெரிக்கக் கரையிலுள்ள பிரெஞ்சு கயானாவுக்கும் ஒரு பகுதியினர் போனார்கள். மாரியம்மன் வழிபாடு குவாதலூப்பிலும் மார்த்தினிக்கிலும் இன்றும் நடக்கிறது. குவாதலூப்பில் பிறந்த ஹென்றி சிதம்பரம், இந்திய வம்சாவளியினரின் குடியுரிமைக்காக 1904 முதல் வழக்காடி 1923இல் வென்றார்.

புதுச்சேரியில் எத்தனை பட்டதாரிகளுக்கு அவர் பெயர் தெரியும்? இந்த வரலாற்றுக்குப் பிரெஞ்சு மொழியறிவு வேண்டும், காப்பகம் வேண்டும், கப்பல் பதிவேடு படிக்கத் தெரிந்த ஆசிரியர் வேண்டும். மூன்றுக்கும் இந்தியாவில் புதுச்சேரியைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. சேதராப்பட்டிலிருந்து பஸ் ஏறும் தம்பி தங்கைகளே, வணிகவியலோ கணினியோ மேஜராக இருக்கட்டும். கல்லூரி நீட்டும் மைனர் பட்டியலில் இந்தப் பாடம் இல்லையென்றால், துறைத் தலைவரிடம் நாலு பேராகப் போய்க் கேளுங்கள்.